நகம் வெட்டுற கடதாசி

ஞாயிற்றுக்கிழமை காலையில் பலேர்மோவின் போர்கோ வெக்கியோச் சந்தையில் மீன்காரனுக்கு முன்னால் நிற்கிற சனத்தைவிட, சந்தைக்குப் பின்னால் மூன்றாம் மாடியில் இராஜதுரை வீட்டுப் படிகளில் நிற்கிற சனம் கூட. எல்லாம் எங்கள் சனம்தான். ஆளுக்கொரு பிளாஸ்ரிக் பை, பைக்குள் கடதாசி. குவெஸ்தூராப் பொலிஸ் கந்தோரிலிருந்து வந்தது, வீட்டுச் சொந்தக்காரன் அனுப்பியது, வேலை கொடுத்த சிஞ்ஞோரா கையெழுத்துக் கேட்டது. இத்தாலியப் பாஷையை எல்லாரும் காதால் பிடித்து வைத்திருந்தார்கள். சந்தையில் பேரம் பேசுவார்கள், பஸ்ஸில் சண்டை பிடிப்பார்கள், பகிடியும் விடுவார்கள். அச்சடித்த கடதாசி ஒன்றைக் கையில் கொடுத்தால் மட்டும் அந்த வாய் அடங்கிப் போய்விடும்.

இராஜதுரைக்கு அடங்காது. ஊரில் கூட்டுறவுச் சங்கத்தில் கிளாக்கராக இருந்த மனிசன். பலேர்மோவுக்கு வந்த முதல் வருசமே ஒரு பாதிரியார் நடத்திய மாலை வகுப்புக்குப் போய், சைவக்காரன் என்றும் பாராமல் முன்வாங்கில் இருந்து, வாசிக்கப் படித்துக்கொண்டவர். கிழமை நாட்களில் ஒரு ஹொட்டல் குசினியில் கோப்பை கழுவுவார். ஞாயிறு வந்தால் முகம் வழித்து, மினுக்கிய சேட் போட்டு, மூக்குக்கண்ணாடியோடு சாப்பாட்டு மேசைக்கு முன்னால் இருப்பார். கடதாசியை வாங்கி, மேலிருந்து கீழே கண்ணை ஓட்டி, கடைசியில் ஒரு வசனம் சொல்லுவார். "ஒண்டுமில்லை, சைன் வையும்." அந்த வசனத்தைக் கேட்பதற்காகவே துறைமுகத்தடியிலிருந்தும், ஸ்தாசியோனே சென்ட்ராலே ரெயில் நிலையப் பக்கமிருந்தும் ஆட்கள் நடந்து வந்தார்கள். மன்னார்க்கார ஏர்னஸ்ற் ஆறு வருசமாக ஒரு மாதமும் தவறாமல் வந்தவன். "இராஜதுரை அண்ணை வாசிச்சது" என்றால் அதற்கு மேல் முத்திரை தேவையில்லை என்று சொல்லித் திரிந்தவனும் அவன்தான்.

அருள்நாயகி அந்த வரிசைக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்பாள். புருஷனைப் பற்றிப் பெருமை அவளுக்கு உண்டு. அதை முகத்தில் காட்டாமல் இருக்கப் பாடுபடுவாள், முடியாது. கலியாணம் கட்டிப் பதினொரு வருசத்தில் அவர் வாசித்த ஒரு கடதாசியை அவள் திருப்பிப் பார்த்ததில்லை. அவர் விரல் வைத்துக் காட்டுகிற இடத்தில் தமிழில் தன் பெயரை எழுதுவாள். வீட்டில் ஒருவர் கண் விழித்திருந்தால் மற்றவர் நித்திரை கொள்ளலாம்தானே என்பது அவளுடைய எண்ணம்.

அவள் வேலை செய்த வீடு பொலிதேயாமாச் சதுக்கத்துக்குக் கிட்ட, ஐந்தாம் மாடி. சிஞ்ஞோரா லோ வெர்சோ என்று ஒரு விதவை. நல்லவவா கெட்டவவா என்று கேட்டால் அருள்நாயகிக்குப் பதில் சொல்லத் தெரியாது. நத்தாருக்குக் கேக் தருவா, காய்ச்சலுக்கு லீவு தரமாட்டா. எப்படி இருந்தாலும் அந்த வீட்டு வேலைதான் கடதாசி உள்ள வேலை. இராஜதுரையின் ஹொட்டல் வேலைக்கு எழுத்தில் ஒன்றும் இல்லை. "இந்தப் பெண் என் வீட்டில் வேலை செய்கிறாள்" என்று சிஞ்ஞோரா எழுதிக் கொடுத்தால்தான் அருள்நாயகிக்குப் பெர்மெஸ்ஸோ, இந்த நாட்டில் தங்குகிற அனுமதி. அவளுடைய பெர்மெஸ்ஸோவைப் பிடித்துக்கொண்டுதான் அவருடைய பெர்மெஸ்ஸோ. ஆக அந்த ஐந்தாம் மாடிக் கிழவியின் ஒரு கையெழுத்தில் இரண்டு பேர் பலேர்மோவில் தொங்கிக்கொண்டிருந்தார்கள்.

அந்த வீட்டில் அவளுக்குக் கிடைத்த ஒரே சந்தோசம் மிம்மோ. சிஞ்ஞோராவின் தங்கை கத்தானியாவிலிருந்து சப்பாத்துப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்து கொடுத்த சாம்பல் வரிக் குட்டி. சிஞ்ஞோரா கொஞ்சுவதற்கு மட்டும்தான். பஞ்சில் பால் தோய்த்துப் பருக்கியது, கண்பீளை துடைத்தது, மண்தட்டில் இருக்கப் பழக்கியது எல்லாம் அருள்நாயகி. காலை எட்டு மணிக்கு அவள் கதவைத் திறந்தால் மிம்மோ ஓடிவந்து, ஏப்ரனில் நகத்தைக் கொளுவி, தென்னையில் ஏறுகிறவன் மாதிரி ஏறி அவளுடைய தோளில் போய் இருப்பான். மணிக்கட்டு முழுக்க விறாண்டல் கோடு. அவள் அதற்குக் கவலைப்படவில்லை. விறாண்டு வாங்காமல் பூனை வளர்த்தவர் யார் இருக்கிறார்கள்.

கவலை சிஞ்ஞோராவுக்கு வந்தது. தொண்ணூற்றாறாம் ஆண்டு ஐப்பசியில் அந்த வீட்டுக்குப் பாசிப்பச்சை வெல்வெட்டில் ஒரு புதுச் செற்றி வந்திறங்கியது. இறக்கிய அன்றே மிம்மோ அதை மரம் என்று எண்ணிவிட்டான். ஒரு கிழமைக்குள் கைப்பிடி இரண்டும் நூல்நூலாகத் தொங்கின. சிஞ்ஞோரா தலையில் கை வைத்தா. பிறகு ஒருநாள் கடித உறை ஒன்றை நீட்டி, "உன் புருஷனிடம் கொடு. அவரோடு ரெலிபோனில் பேசிவிட்டேன்" என்றா.

அன்று பின்னேரம் இராஜதுரை அந்த உறையைப் பிரித்தார். இரண்டு கடதாசி. முதலாவதைச் சட்டென்று வாசித்து முடித்தார். இரண்டாவதுக்கு வழமையைவிட நேரம் எடுத்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, திரும்பவும் போட்டு வாசித்தார்.

"என்னவாம்?" என்று அருள்நாயகி கேட்டாள்.

"ஒண்டு குவெஸ்தூராவுக்குக் குடுக்கிற வேலைக் கடதாசி. மற்றது பூனைக்கு நகம் வெட்டுற கடதாசி. மிருக டொத்தோரே கேட்கிறாராம். ஒண்டுமில்லை, சைன் வையும்."

"நகம் வெட்டவும் கடதாசியோ? இந்த ஊரிலை தும்முறதுக்கும் ஒரு கடதாசி வைச்சிருப்பாங்கள் போலை."

அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. அவர் விரல் வைத்த இடத்தில் அவள் பெயரை எழுதினாள், இரண்டு கடதாசியிலும்.

நகம் வெட்டுகிற நாள் வெள்ளிக்கிழமை. முதல்நாள் பின்னேரமே சிஞ்ஞோரா சொல்லிவிட்டா, பூனைக்கு இனிச் சாப்பாடு வைக்கக்கூடாது, தண்ணியும் கூடாது. அருள்நாயகிக்கு வெள்ளிக்கிழமை விரதம். காலையில் அவள் போனபோது மிம்மோ வெறும் கோப்பையைச் சுற்றிச் சுற்றி வந்து கத்தினான். அவனைத் தூக்கி மடியில் வைத்து, "நீயும் இண்டைக்கு என்னோடை விரதமோ? நல்லது, புண்ணியம் கிடைக்கும்" என்று தமிழில் பகிடி விட்டாள். மிம்மோவுக்குத் தமிழ் விளங்கும் என்பது அவளுடைய நம்பிக்கை. நகம் வெட்டுவதற்கு எதற்குப் பட்டினி என்று ஒரு கேள்வி அவள் தொண்டை வரைக்கும் வந்தது. சிஞ்ஞோராவிடம் கேள்வி கேட்காமல் இருக்க ஆறு வருசமாகப் பழகியவள், அதையும் விழுங்கினாள்.

பிரப்பங்கூடைக்குள் மிம்மோவை விடுவது லேசில்லை. சிஞ்ஞோரா பிடித்தால் கடிப்பான், துள்ளுவான். அருள்நாயகி தன்னுடைய கழுத்துச் சால்வையை எடுத்துக் கூடைக்குள் விரித்து, "வாடா ராசா" என்று கூப்பிட்டாள். அவன் சால்வையை மணந்தான். பிறகு தானாக நடந்து உள்ளே போய்ப் படுத்துக்கொண்டான். அவள் கூடைக் கதவைச் சாத்தினாள்.

மிருக வைத்தியர் கூடையை வாங்கி, கையெழுத்துப் போட்ட கடதாசியைப் பார்த்து, அதன் றோசா நிறப் பிரதியைக் கிழித்து அவளிடம் கொடுத்து, நாளைக்குப் பின்னேரம் வரச் சொன்னார். அவள் அதைத் தன் பிளாஸ்ரிக் பைக்குள் மற்றக் கடதாசிகளோடு வைத்துக்கொண்டாள். எங்கள் சனம் பஸ் ரிக்கற்றைக்கூட எறியாது.

அடுத்தநாள் திருப்பித் தந்தபோது மிம்மோவின் முன்கால் இரண்டும் வெள்ளைக் கட்டோடு இருந்தன. கட்டில் சிவப்பாகக் கசிந்திருந்தது. சால்வையின் ஒரு மூலைக்குள் முகத்தைப் புதைத்தபடி படுத்திருந்தான். கூப்பிட்டாள், திரும்பவில்லை.

"ஆழமா வெட்டிப்போட்டாங்கள் போலை. ரத்தம் வந்திருக்கு" என்று வீட்டுக்கு வந்து இராஜதுரைக்குச் சொல்லி அழுதாள்.

"ஆறிடும்" என்றார் அவர்.

கட்டு அவிழ்த்த பிறகு அவள் பாதத்தைத் தூக்கிப் பார்த்தாள். விரலை மெல்ல அமத்தினால் நகம் வெளியே வரும், அது அவளுக்குத் தெரியும். அமத்தினாள். ஒன்றும் வரவில்லை. பத்து விரலிலும் ஒன்றும் வரவில்லை. அன்று பின்னேரம் புருஷனிடம் கேட்டாள்.

"ஒட்ட வெட்டியிருக்கிறாங்கள். திரும்ப முளைக்கும்தானே?"

"முளைக்கும், முளைக்கும்."

அதை நம்பி அவள் காத்திருந்தாள். ஒவ்வொரு கிழமையும் மிம்மோவைப் பிடித்து, ஒவ்வொரு விரலாக அமத்தி, முளைவிட்டிருக்கிறதா என்று பார்த்தாள். அவன் உதறினான். பிறகு சீறினான். நாலாம் கிழமை அவளுடைய பெருவிரல் எலும்பில் பல் படுகிற மாதிரிக் கடித்தான். பால் பருக்கி வளர்த்த பிள்ளை கடித்தால் எப்படி நோகுமோ அப்படி நொந்தது. கோபம் வரவில்லை. தன் கையில் ஏதோ குற்றம் இருக்கிறது என்று மட்டும் பட்டது, என்ன குற்றம் என்று தெரியவில்லை.

அதன்பிறகு அந்தப் பூனை பழைய பூனையாக இல்லை. மண்தட்டில் காலை வைத்தால் சுட்டதுபோல் எடுத்தான். கொஞ்ச நாளில் மண்தட்டை விட்டுவிட்டு, மெத்தென்று இருக்கிற இடம் தேடி, அந்தப் பாசிப்பச்சைச் செற்றியிலேயே ஒன்றுக்கிருந்தான். நூல் தொங்கியதற்குத் தலையில் கை வைத்த சிஞ்ஞோரா இப்போது நாற்றத்துக்கு மூக்கில் கை வைத்தா. அலுமாரியில் பாய்ந்து ஏறப் பார்த்து வழுக்கி விழுந்தான், இரண்டு தரம். பிறகு பாய்வதையே விட்டுவிட்டான். காலை எட்டு மணிக்குக் கதவு திறந்தால் யாரும் ஓடி வரவில்லை. அவளைக் கண்டால் குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் போய்விடுவான்.

மாசி மாதம் கத்தானியாத் தங்கை வந்தா. மிம்மோ நடக்கிற நடையைப் பார்த்து, பாதத்தைத் தூக்கிப் பார்த்து, குரலை உயர்த்தினா. கோப்பித் தட்டோடு கதவடியில் வந்த அருள்நாயகிக்கு சிஞ்ஞோராவின் பதில் தெளிவாகக் கேட்டது.

"நானா செய்வித்தேன்? வேலைக்காரிதான். விறாண்டுது விறாண்டுது என்று ஒரே முறைப்பாடு. அவளே கொண்டுபோய்ச் செய்வித்தாள். அவர்கள் ஊரில் மிருகம் என்றால் அப்படித்தான். வேண்டுமானால் கடதாசியைப் பார், அவளுடைய கையெழுத்துத்தான் இருக்கிறது."

கோப்பி தட்டில் சிந்தியது. உள்ளே போய், சிந்தியதைத் துடைத்து, கோப்பையை வைத்துவிட்டு வந்தாள். தங்கைக்காரி அவளைப் பார்த்த பார்வை இருக்கிறதே, புழுவைப் பார்க்கிற பார்வை. நகம் வெட்டியதற்கு யாராவது இப்படிப் பார்ப்பார்களா என்று குசினிக்குள் நின்று யோசித்தாள். யோசனை ஒரு இடத்துக்குப் போய் நின்றது. அதற்கு அப்பால் போக அவளுக்குப் பயமாக இருந்தது.

அடுத்த கிழமை சிஞ்ஞோரா பிரப்பங்கூடையைக் காட்டி, "இதைத் துறைமுகத்தடியில் விட்டுவிடு. அங்கே நிறையப் பூனை இருக்கிறது, பிழைத்துக்கொள்ளும்" என்றா. துறைமுகத்துப் பூனைகளை அருள்நாயகி அறிவாள். காது கிழிந்த, கண் போன சண்டைக்காரர்கள். அவர்களுக்கு நடுவில் நகம் இல்லாத மிம்மோ ஒரு பொழுதுக்குத் தாங்கமாட்டான். கூடையோடு துறைமுகத் தெருவைத் தாண்டி நடந்து, போர்கோ வெக்கியோவில் மூன்று மாடி ஏறி, தன் வீட்டுக் கட்டிலுக்குப் பக்கத்தில் கூடையைத் திறந்துவிட்டாள்.

மிம்மோ கட்டிலுக்குக் கீழே போனான். இரண்டு நாள் வெளியே வரவில்லை. மூன்றாம் நாள் வந்து, அவள் நீட்டிய கையைச் சுற்றிப் போய், கதிரையில் சாரத்தோடு இருந்த இராஜதுரையின் காலடியில் நின்று மேலே பார்த்தான். அவர் குனிந்து தூக்கினார். மடியில் சுருண்டு படுத்துவிட்டான். படுத்தபடி அந்த மொட்டைப் பாதங்களால் சாரத்தை மாறி மாறி உழக்கினான், குட்டியில் அருள்நாயகியின் ஏப்ரனை உழக்கியது போலவே. இராஜதுரை முகத்தை யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். அவருக்கு வெட்கமாக்கும் என்று அவள் நினைத்தாள். பொறாமையாகவும் இருந்தது, அதையும் மறைப்பதற்கில்லை.

பங்குனியில் பெர்மெஸ்ஸோ கைக்கு வந்தது. குவெஸ்தூராவில் வாங்கிக்கொண்டு, பிளாஸ்ரிக் பையை நெஞ்சோடு அணைத்தபடி பொலிதேயாமாச் சதுக்கத்தால் நடந்து வந்தாள். ஒரு மடக்கு மேசை போட்டு இரண்டு மூன்று பெண்கள் கையெழுத்துச் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். மேசைக்கு முன்னால் பெரிய படம் ஒன்று தொங்கியது. அதை வாசிக்க எழுத்துத் தெரிய வேண்டியதில்லை. ஒரு பக்கம் பூனையின் பாதம், தோல் இல்லாமல், எலும்பாக. நகம் கடைசி எலும்பிலிருந்து முளைத்திருந்தது. அந்த எலும்பின் மூட்டில் ஒரு சிவப்புக் கோடு. மறுபக்கம் மனிதக் கைகள் இரண்டு. பத்து விரலிலும் நுனி மூட்டில் அதே சிவப்புக் கோடு.

அருள்நாயகி தன் கையைப் பார்த்தாள். பெருவிரல் நுனியை மற்றக் கையால் பிடித்து, மூட்டை மடக்கிப் பார்த்தாள். அவள் நின்ற நிலையைக் கண்டு மேசையிலிருந்த இளம் பெண் எழுந்து வந்தாள். பெயர் தொனத்தெல்லா, மிருக வைத்தியம் படித்து முடித்தவள். இதை நிறுத்தச் சொல்லி ஐரோப்பாவில் ஒரு உடன்படிக்கை எழுதியாகிவிட்டது, இங்கே இன்னும் சட்டமாகவில்லை, அதற்குத்தான் கையெழுத்து என்று விளங்கப்படுத்தத் தொடங்கினாள். அருள்நாயகி இடையில் மறித்து, பையைக் குடைந்து, அந்த றோசாக் கடதாசியை எடுத்து நீட்டினாள்.

"இதை எனக்கு வாசித்துச் சொல்லுங்கள்" என்றாள் இத்தாலியத்தில்.

தொனத்தெல்லா வாசித்தாள். அதில் ஒரு ஒளிவு மறைவும் இல்லை. முன்கால்கள் இரண்டிலும் பத்து விரல்களின் கடைசி எலும்பை நகத்தோடு வெட்டி அகற்றுதல். திரும்ப வளராது. நடை மாறலாம், நோவு நிலைக்கலாம், மண்தட்டை வெறுக்கலாம், கடிக்கலாம். இவையெல்லாம் விளக்கப்பட்டு, விலங்கைக் கொண்டுவந்தவர் சம்மதிக்கிறார். கீழே வட்டவட்டமான தமிழ் எழுத்தில் அருள்நாயகி.

"இதை யாரும் உங்களுக்கு வாசித்துச் சொல்லவில்லையா?" என்று தொனத்தெல்லா கேட்டாள்.

கண்ணை மூடிக்கொண்டு பால் குடித்த பூனை யார் என்று அந்தச் சதுக்கத்தின் நடுவில் வைத்து அருள்நாயகிக்கு விளங்கியது. சிஞ்ஞோரா பொய் சொன்னதில் அவளுக்குப் பெரிய அதிர்ச்சி இல்லை. சிஞ்ஞோரா அந்நியம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்பப் போட்டு வாசித்த மனிசன் அந்நியமா?

வீட்டுக்கு வந்தபோது அவர் கதிரையில் இருந்தார். மடியில் மிம்மோ. அவள் பெர்மெஸ்ஸோவை எடுக்கவில்லை, றோசாக் கடதாசியை எடுத்து மேசையில் வைத்தாள்.

"இது பழைய கடதாசியெல்லோ" என்றார்.

"ஓம். உங்களுக்குப் பழசு. எனக்கு இண்டைக்குத்தான் புதுசு."

பூனையின் முதுகைத் தடவிக்கொண்டிருந்த கை நின்றது.

"உமக்குச் சொல்லியிருந்தால் நீர் கொண்டு போயிருப்பீரோ?"

"போயிருக்கமாட்டன்."

"அதாலைதான் சொல்லேல்லை. சிஞ்ஞோரா ரெலிபோனிலை சொன்னவ, ரெண்டு கடதாசியும் சேர்ந்து வரவேணும், இல்லாட்டி ரெண்டும் வேண்டாமெண்டு. நான் என்ன செய்ய? ஒரு பூனையின்ரை நகத்துக்காக ரெண்டு பேரும் பெட்டி கட்டுறதோ? எங்கை போறது, சொல்லும் பாப்பம்."

அதில் நியாயம் இல்லை என்று அவளால் சொல்ல முடியவில்லை. அதுதான் அவளை இன்னும் எரித்தது.

"என்னட்டைக் கேட்டிருக்கலாம். நான் அழுதிருப்பன், கத்தியிருப்பன், கடைசியிலை ஒருவேளை ஓமெண்டும் சொல்லியிருப்பன். அப்ப அது நான் செய்த பாவம், நானே சுமந்திருப்பன். நீங்கள் என்ரை கையைப் பிடிச்சு எனக்குத் தெரியாமல் செய்விச்சிருக்கிறியள். அவன் தானா நடந்து கூடைக்குள்ளை போனவன், நான் கூப்பிட்டதுக்கு."

"விடும் நாயகி. நடந்தது நடந்துபோச்சு."

"முளைக்குமெண்டு ஏன் சொன்னனீங்கள்?"

அவர் திரும்பவும் பூனையின் முதுகைத் தடவத் தொடங்கினார்.

"சைன் வைக்கச் சொன்னது பெர்மெஸ்ஸோவுக்கு. சரி. அதுக்குப் பிறகு முளைக்குமெண்டு சொன்னது ஆருக்கு? ஒவ்வொரு கிழமையும் அந்த வெட்டின எலும்பிலை நான் அமத்திப் பாத்தனான். நீங்கள் பாத்துக்கொண்டிருந்தனீங்கள்."

மிம்மோ குரல் உயர்ந்ததில் பயந்து, அவருடைய கைமடிப்புக்குள் முகத்தைச் செருகினான். பூனைக்குக் கடதாசி வாசித்தவரைத் தெரியாது. கூடைக்குள் வைத்தவளை மட்டும்தான் தெரியும். அருள்நாயகிக்கு அந்தக் காட்சியைப் பார்க்கச் சகிக்கவில்லை. குசினிக்குள் போய்த் தண்ணிக் குழாயைத் திறந்துவிட்டு, சத்தம் கேட்காமல் அழுதாள்.

அடுத்த நாட்களில் அவள் தொனத்தெல்லாவிடம் மூன்று தரம் போனாள். அந்தப் பெண்கள் மிருக வைத்தியர் சங்கத்துக்கு ஒரு முறைப்பாடு அனுப்பத் தயாராகிக்கொண்டிருந்தார்கள். படங்கள் இருந்தன, வைத்திய விளக்கம் இருந்தது, பூனைகளைக் கொண்டுபோனவர்களில் ஒருவரும் வாய் திறக்கத்தான் இல்லை. பூனைக்கு யார் மணி கட்டுவது என்பதுபோல எல்லா வீட்டிலும் எல்லாரும் பின்வாங்கினார்கள். அருள்நாயகி சொல்லச் சொல்லத் தொனத்தெல்லா ரைப் அடித்தாள். ஒரு இடத்தில் நிறுத்தி, "உங்கள் கணவர் பற்றிய வசனத்தை விட்டுவிடலாம். தேவையில்லை" என்றாள். அருள்நாயகி யோசித்தாள்.

"இல்லை, இருக்கட்டும். நடந்தது அதுதானே" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை படிகளில் வழமைபோலச் சனம். இராஜதுரை மினுக்கிய சேட்டோடு மேசைக்கு முன்னால் இருந்தார், மடியில் மிம்மோ. அந்தக் கிழமை புருஷனும் பெண்சாதியும் உப்புக்கும் புளிக்கும்தான் கதைத்திருந்தார்கள். சனத்துக்கு அது தெரியாது. அருள்நாயகி அன்று தேத்தண்ணி ஊற்றவில்லை. வெளியே போய், படியில் கடைசி ஆளுக்குப் பின்னால், கையில் பிளாஸ்ரிக் பையோடு நின்றாள். அவளுக்குப் பிறகு வந்த ஏர்னஸ்ற், "என்னக்கா, சொந்த வீட்டிலையும் வரிசையோ?" என்று பகிடி விட்டான். அவள் சிரிக்கவில்லை. அவனுக்குப் பின்னால் இன்னும் ஆட்கள் வந்து சேர்ந்தார்கள்.

அவளுடைய முறை வந்தது. முன்னால் கதிரையில் இருந்தாள். கடதாசியை மேசையில் வைத்தாள். இராஜதுரை நிமிர்ந்து பார்த்தார், பிறகு கதவடியில் நின்ற சனத்தைப் பார்த்தார். கண்ணாடியைச் சரிசெய்து, மேலிருந்து கீழே கண்ணை ஓட்டினார். முகத்தில் இருந்த நிறம் போனது.

"இதைக் குடுத்தால் வேலை போகும்" என்றார், அவளுக்கு மட்டும் கேட்கிற குரலில். "வேலை போனால் அடுத்தமுறை பெர்மெஸ்ஸோவுக்கு என்ன செய்வீர்?"

"அது எனக்குத் தெரியும். தெரிஞ்சதை வாசிக்க வேண்டாம். கடதாசியை வாசியுங்கோ."

"பேந்து வாசிப்பம் நாயகி."

"இப்ப வாசியுங்கோ. எல்லாருக்கும் வாசிக்கிற மாதிரி இல்லை. ஒவ்வொரு சொல்லா."

படியில் கதை நின்றது. அவர் வாசித்தார். இத்தாலியத்தில் ஒரு வசனம், தமிழில் ஒரு வசனம். அருள்நாயகி ஆகிய நான், இந்தத் திகதியில், மிம்மோ என்ற பூனையை என் கையால் கொண்டுபோனேன். பத்து விரல்களின் கடைசி எலும்புகள் வெட்டப்பட்டன. வெட்டப்படும் என்று சிஞ்ஞோரா எனக்குச் சொல்லவில்லை. வைத்தியரும் வாயால் சொல்லவில்லை. இப்போது அது நடக்க நோகிறது, மண்ணில் கால் வைக்காது, என்னைக் கண்டால் ஒளிக்கிறது. அவருடைய குரல் ஹொட்டல் குசினியில் கோப்பை கழுவுகிறவனின் குரலாகச் சின்னதாகிக்கொண்டே வந்தது. பிறகு ஒரு வசனத்தில் நின்றுவிட்டார்.

மிம்மோ அந்த மொட்டைப் பாதத்தால் சாரத்தை உழக்குவதை அவள் மேசைக்கு மேலால் பார்த்தாள். இந்த மனிசனோடு இனியும் ஒரே கூரைக்குக் கீழேதான் இருக்கப்போகிறாள், அதில் அவளுக்குச் சந்தேகம் இல்லை. இனி ஒருபோதும் நித்திரை கொள்ளப்போவதில்லை, அதிலும் சந்தேகம் இல்லை.

"ஏன் நிப்பாட்டினனீங்கள்?"

அவர் தலையைக் குனிந்து, கடதாசிக்குக் கிட்டக் கொண்டுபோய் வாசித்தார்.

"என்ரை புருஷன் முழுக்க வாசித்து அறிந்தவர். எனக்கு, நகம் வெட்டுற கடதாசி, ஒன்றுமில்லை, கையெழுத்து வை என்று சொன்னார். நான் நம்பினேன்."

அருள்நாயகி பேனையைக் கேட்டாள். அவர் கொடுத்தார். கையெழுத்து எங்கே வைக்கவேணும் என்று அவர் விரலால் காட்டவில்லை, அவளும் கேட்கவில்லை. கீழே கோடு இருந்த இடத்தில் வட்டவட்டமாகத் தன் பெயரை எழுதி, கடதாசியை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு எழும்பினாள்.

அடுத்தது ஏர்னஸ்ற். அவன் கதிரையில் இருக்கவில்லை. கொண்டுவந்த புதுக் கடதாசியைச் சேட் பொக்கற்றுக்குள் திரும்பச் செருகிவிட்டு, பிளாஸ்ரிக் பையின் அடியில் கை விட்டுத் துழாவி, மடிப்பில் வெளிறிப்போன பழைய கடதாசி ஒன்றை எடுத்தான்.

"அண்ணை, குறை நினையாதேங்கோ" என்றான். "இது போன வருசம் நீங்கள் வாசிச்சது. இன்னொருக்கால் வாசியுங்கோ, ஒவ்வொரு சொல்லா."

அவனுக்குப் பின்னால் படிகளில் பிளாஸ்ரிக் பைகள் சரசரத்தன. எல்லாரும் பழைய கடதாசிகளைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.